சாப்மன் என்றால் வியாபாரி

வெளிமாநிலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் "சர்நேம் என்ன?" என்று கேட்கிறார்கள். நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்தே போதும். அந்தக் கட்டத்தில் சிலர் ஊர்ப் பெயரை எழுதுகிறோம், சிலர் அப்பா பெயரை எழுதுகிறோம். ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் பரம்பரைப் பெயர் கிடையாது. பிறகு அது எப்படி வந்தது? துணி வியாபாரியான நான், என் தொழிலைச் சொல்லும் 'சாப்மன்' என்ற பெயரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் 'சேயாப்' என்றால் பேரம், வியாபாரம். 'மன்' என்றால் ஆள். ஆக, சாப்மன் என்பவர் வணிகர். சில்லறை வியாபாரியையும் சத்திரக்காரரையும் குறித்த 'கௌபோ' என்ற லத்தீன் சொல்லே இதற்கு மூலம் என்பர். ஜெர்மானியரின் 'காஃப்மன்' இதற்கு உடன்பிறப்பு. லண்டனின் பழைய கடைவீதியான சீப்சைடு, 'வணிகர் துறைமுகம்' என்று பொருள்படும் கோபன்ஹேகன் ஆகிய இடப்பெயர்களும் இதே குடும்பம்தான்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின், முதலில் நிலவுடைமைக் குடும்பங்களில் பரம்பரைப் பெயர் வேரூன்றியது. சாதாரண ஜனங்களிடம் அது மெதுவாகத்தான் பரவிற்று. 1377, 1379, 1381-ஆம் ஆண்டுகளின் தலைவரி ஏடுகளில் தொழிற்பெயர்கள் ஏராளம். 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் அப்பா பெயர் பிள்ளைக்கும் நிலைத்துவிட்டது. அதன்பின் தொழில் மாறினாலும் பெயர் மாறவில்லை. ஹோமரின் காவியங்களை ஆங்கிலத்தில் தந்து, 1616-இல் முழுத் தொகுப்பாக வெளியிட்ட ஜார்ஜ் சாப்மன் வியாபாரியல்ல, கவிஞர், நாடகாசிரியர்.

தெருத்தெருவாய் மூட்டை சுமந்து விற்றவர்களையும் சாப்மன் என்றே அழைத்தார்கள். இத்தகையவர்கள் உரிமம் பெறவேண்டுமென 1697-இல் சட்டமே வந்தது. அவர்கள் விற்ற மலிவுக் கதைப் புத்தகங்களுக்குப் பிற்காலத்தில் 'சாப்புக்' என்று பெயர் வைத்தார்கள். 'அந்த ஆள்' என்கிற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் 'சாப்' கூட சாப்மன் என்பதன் சுருக்கமே. முதலில் அதற்கு வாடிக்கையாளர் என்று அர்த்தம்.

எனக்கு மனசில் தைத்தது இன்னொரு செய்தி. நல்ல பேரத்தை 'குட் சீப்' என்றனர். நாளடைவில் 'குட்' உதிர்ந்து 'சீப்' மட்டும் நின்றது. முதலில் விலை குறைவு என்றாகி, பின்பு தரமும் குறைவு என்றாகிவிட்டது. "சீப்பான சரக்கா?" என்று கடையில் கேட்கும்போது நமக்குச் சுருக்கென்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் பூர்வீகமோ, இருவரும் ஒத்துக்கொண்டு முடிக்கிற பேரம்!

சொல்லின் மதிப்பு இறங்கினாலும் சாப்மன் குடும்பத்தார் பெயரை விடவில்லை. நாமும் பிள்ளைகளுக்காகப் படிவத்தில் எந்தப் பெயரை எழுதினாலும், அதன் பொருளையும் அது வந்த வழியையும் அவர்களை உட்காரவைத்துச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் விட்டால், பேரன் காலத்தில் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும்.