மின்னோட்டத்திற்கு ஒரு மதகு: சிலிக்கன் கட்டுப்பாட்டுத் திருத்தி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபொழுது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோட்டின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. தனுவச்சபுரத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும், நெய்யாற்றின்கரையில் அரசுப் பாலிடெக்னிக் கல்லூரியும் உள்ளன. இத்தகைய நிலையங்களில் மின்னணுவியல் பயிலும் மாணவர் 'எஸ்.சி.ஆர்.' என்ற மூன்றெழுத்தை நான்கு அடுக்குகள் கொண்ட ஒரு படமாகவே முதலில் அறிகின்றனர். தம் ஊரைச் சுற்றியே அது பணியாற்றிவந்துள்ளது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை.

சிலிக்கன் கட்டுப்பாட்டுத் திருத்தி அல்லது தைரிஸ்டர் என்பது பி, என், பி, என் என மாறிமாறி அமைந்த நான்கு குறைகடத்தி அடுக்குகளால் ஆனது. அடுக்குகளுக்கிடையே மூன்று சந்திகள் உண்டு. ஒரு முனை நேர்மின்வாய், மறுமுனை எதிர்மின்வாய், உள்ளடுக்கு ஒன்றிலிருந்து வெளிவரும் மூன்றாவது இணைப்பே 'வாயில்'. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் 1957-இல் இதனை உருவாக்கினர். அதற்கு முன்னர் இப்பணியைப் பாதரச வில் திருத்திகளும் தைரட்ரான் என்னும் வளிமக் குழாய்களும் செய்துவந்தன. தைரட்ரான், டிரான்சிஸ்டர் ஆகிய இரு சொற்களின் சேர்க்கையே தைரிஸ்டர் என்ற பெயர்.

இதன் இயல்பை விளக்க நம் நாட்டுப்புற மதகு ஒன்றே போதும். ஆனால் அது சற்று விசித்திரமான மதகு. விரலால் தொட்டால் திறந்துகொள்ளும். திறந்தபின் விரலை எடுத்தாலும் மூடாது. கால்வாயில் நீர் ஏறக்குறைய வற்றினால்தான் தானே மூடிக்கொள்ளும். எதிர்த்திசையில் நீர் வந்தால் திறக்கவே திறக்காது.

ஏன் இவ்வாறு? நான்கு அடுக்குகளை ஒன்றுடனொன்று பிணைந்த இரண்டு டிரான்சிஸ்டர்களாகக் கருதலாம். ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகிறது. வாயிலில் சிறிது மின்னோட்டம் செலுத்தினால் முதல் டிரான்சிஸ்டர் விழிக்கிறது. அது இரண்டாவதை விழிக்கச் செய்கிறது. இரண்டாவது மீண்டும் முதலாவதை ஊக்குகிறது. சில மைக்ரோ வினாடிகளுக்குள் இரண்டும் முழுமையாகக் கடத்தத் தொடங்குகின்றன. அதன்பின் வாயிலின் துணை அவற்றிற்குத் தேவையில்லை. மின்னோட்டம் 'தாங்கு மின்னோட்டம்' என்னும் குறைந்தபட்ச அளவிற்குக் கீழே சென்றால் மட்டுமே இச்சங்கிலி அறுபடும்.

இதனை மாணவர் எளிதில் சோதித்துப் பார்க்கலாம். 12 வோல்ட் மின்கலம், 5 வாட் வாகன விளக்கு, டி.ஒய்.என். 612 போன்ற ஒரு தைரிஸ்டர், 470 ஓம் மின்தடை ஆகியவை போதும். விளக்கையும் தைரிஸ்டரையும் தொடராக இணைத்தால் விளக்கு எரியாது. மின்தடை வழியாக வாயிலை மின்கலத்தின் நேர்முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் விளக்கு எரியும். எடுத்த பின்னும் எரிந்துகொண்டே இருக்கும். மின்கலத்தின் இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைத்தால் எரியாது. பத்துப் பக்க விளக்கத்தைவிட இச்சோதனை நன்கு புரியவைக்கும்.

மாறுதிசை மின்னோட்டத்தில் இக்கருவியின் மதிப்பு உயர்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் ஒவ்வோர் அரை அலையும் 10 மில்லி வினாடி நீள்கிறது. முடிவில் மின்னோட்டம் தானே சுழியாகிறது. ஆகவே தைரிஸ்டரை அணைக்கத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. அரை அலையின் எந்தக் கணத்தில் வாயிலைத் தூண்டுகிறோம் என்பதே ஆற்றலைத் தீர்மானிக்கிறது. இரு திசை அரை அலைகளையும் இவ்வாறு கட்டுப்படுத்தும் மின்னடுப்பு ஒன்றில், 60 பாகைக்குப் பின் தூண்டினால் ஏறத்தாழ 80 விழுக்காடு ஆற்றல் கிடைக்கும். 90 பாகையில் சரிபாதி. 120 பாகையில் 20 விழுக்காட்டிற்கும் சற்றுக் குறைவு. மின்தடையில் ஆற்றலை வெப்பமாக்கி வீணடிக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இதன் சிக்கனம் விளங்கும். கடத்தும் நிலையில் தைரிஸ்டரில் விழும் மின்னழுத்தம் ஒன்று அல்லது இரண்டு வோல்ட் மட்டுமே.

வீட்டு மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டரில் இருப்பது டிரையாக்; எதிரெதிராக இணைந்த இரு தைரிஸ்டர்களின் வேலையை அது ஒன்றே செய்கிறது. (படிப்படியாகத் திருப்பும் இன்றைய ரெகுலேட்டர்கள் பலவற்றில் மின்தேக்கிகளே உள்ளன.) பழைய ஒளிக்குறைப்பானில் எல்.இ.டி. விளக்கை இணைத்தால் அது மினுக்குவதைப் பலர் கண்டிருப்பர். விளக்கில் குறையில்லை, அது ஈர்க்கும் சொற்ப மின்னோட்டம் டிரையாக்கின் தாங்கு மின்னோட்டத்தை எட்டுவதில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். டிரையாக் அணைந்திருந்தாலும் அதன் வழியாகவும் அருகிலுள்ள மின்தேக்கி வழியாகவும் சிறிது கசிவு இருக்கும். ரெகுலேட்டரைக் குறைத்துவிட்டோம் என்று நம்பி மின்விசிறியின் கம்பியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே கைவைக்க வேண்டும்.

பாறசாலைக்குக் கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. 1990-களில் நிறுவப்பட்ட ஆலைகளில் பெரும்பாலானவை தூண்டல் மின்னாக்கிகளைக் கொண்டவை. அத்தகைய மின்னாக்கியை மின்தொகுப்புடன் நேரடியாக இணைத்தால், அதன் இயல்பு மின்னோட்டத்தைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேலான மின்னோட்டம் ஒரு கணம் பாயும். கிராமப்புற மின்பாதையில் மின்னழுத்தம் சரியும். சுற்றுவட்டார விளக்குகள் மங்கும். இதைத் தடுக்கத் தைரிஸ்டர்களாலான மென்தொடக்கி பயன்பட்டது. அது தூண்டு கோணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து மின்னாக்கியை இணைக்கும். இணைப்பு முழுமையானதும் ஒரு தொடுவி மூடி, தைரிஸ்டர்களுக்கு ஓய்வளிக்கும். நீரேற்று நிலையங்களின் பெரிய மோட்டார்களுக்கும் இதே முறை பொருந்தும்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகச் செல்லும் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979-இல் திறக்கப்பட்டது. பின்னர் 25 கிலோவோல்ட் மின்மயமாக்கப்பட்டது. இந்திய இரயில்வே 1990-களின் நடுவில் ஏ.பி.பி. நிறுவனத்திடமிருந்து பெற்ற டபிள்யூ.ஏ.பி.-5, டபிள்யூ.ஏ.ஜி.-9 வகை எஞ்சின்களில் வாயிலாலேயே அணைக்கத்தக்க ஜி.டி.ஓ. தைரிஸ்டர்கள் இருந்தன. பிற்கால எஞ்சின்களில் அவ்விடத்தை ஐ.ஜி.பி.டி. என்னும் டிரான்சிஸ்டர் வகை பிடித்துக்கொண்டது.

அப்படியானால் தைரிஸ்டரின் காலம் முடிந்ததா? சத்தீசுகரின் இராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர்வரை 800 கிலோவோல்ட் நேர்திசைப் பாதை 6,000 மெகாவாட் மின்சாரத்தைக் கொண்டுவர அமைந்தது. அதன் இரு முனைகளிலும் மின்னோட்டத்தை மாற்றுபவை தைரிஸ்டர்களே. ஒரு தைரிஸ்டர் சில ஆயிரம் வோல்ட் மட்டுமே தாங்கும். ஆகவே பலவற்றைத் தொடராக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் தூண்டுகின்றனர். புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு, 2021-இல் தொடங்கிவைக்கப்பட்ட 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் பாதையிலோ ஐ.ஜி.பி.டி.கள் பணியாற்றுகின்றன. தைரிஸ்டர் நிலையம் அணைவதற்கு மின்தொகுப்பின் மின்னழுத்தத்தையே சார்ந்திருக்கிறது. தொகுப்பு நலிந்தால் அதன் பணியும் தடுமாறும். ஐ.ஜி.பி.டி. நிலையத்திற்கு அச்சார்பு இல்லை. பேரளவு ஆற்றலைக் குறைந்த இழப்பில் கடத்துவதில் மட்டும் தைரிஸ்டரே இன்றும் முந்தி நிற்கிறது.

அலையின் நடுவே வெட்டித் திறப்பதால் சீரலை சிதைந்து மேலதிர்வெண் சிற்றலைகள் எழும். வானொலியில் இரைச்சலும், மின்மாற்றியில் மிகைச் சூடும், மின்தேக்கித் தொகுதிகளில் பழுதும் இதன் விளைவுகள். ஓர் ஆலையில் தோன்றும் சிற்றலை அதே பாதையிலுள்ள அண்டை வீட்டையும் தாக்கும். எனவே பெரிய மின்னிணைப்புக்கு அனுமதி வழங்கும் அலுவலர், விண்ணப்பத்தில் கிலோவாட் அளவை மட்டும் பாராது, வடிகட்டி பொருத்தப்பட்டுள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.