வறட்சியைத் தாங்குவது மரமா, புல்லா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் மலையைக் காணலாம். சித்திரை மாதத்தில் அதன் அடிவாரத்துக்குப் போனால், தரையில் உள்ள புல் முழுவதும் காய்ந்து சருகாகிக் கிடக்கும். அதே தரையில் நிற்கும் வேப்பமரமோ புதுத் தளிர் விட்டுப் பூத்திருக்கும். வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைப்பது அதனால்தானே! நல்ல மழை பெய்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. இந்த மரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காய்ந்து கிடக்கும் புல் செத்துவிட்டதா? அதுவும் இல்லை. ஒரு கோடை மழை பெய்யட்டும்; சில நாட்களில் அருகு மறுபடி பச்சை கட்டிவிடும்.

ஆக, இரண்டுமே வறட்சியைத் தாங்குபவைதாம். தாங்கும் முறைதான் வேறு. பள்ளித் தோட்டத்திலோ வீட்டுப் புறக்கடையிலோ செடி வைக்க விரும்பும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐப்பசியில் ஆசையோடு நட்ட கன்று பங்குனியில் கருகிப்போவதற்குக் காரணம் பல சமயங்களில் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில், புல் என்பது எது, மரம் என்பது எது? உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வயிரம் பாய்ந்ததைப் புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். வேம்பும் புளியும் மரம். இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிப்பதற்கு இது வெகு அருகில் வருகிறது. வறட்சியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழைய பிரிவினை மிகவும் பயன்படும். எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

இப்போது ஒரு கணக்கு. நம் பகுதியில் கோடை நாள் ஒன்றில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வேண்டும். இது நீங்கள் படித்திருக்கும் உள்ளுறை வெப்பம்தான். வெயிலில் பாதி மட்டுமே இந்த வேலைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், சதுர மீட்டருக்கு 4 லிட்டர் ஆவியாகும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள ஈரமான புல்தரை நாளொன்றுக்கு 400 லிட்டர் குடிக்கும். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 27 குடம்! கொரியன் புல் பதித்து அழகு பார்க்க விரும்புவோர் இந்த 27 குடத்தை யார் சுமப்பது என்று முதலில் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் அதே இடத்தை ஒரு வேப்பமரம் முழுவதும் மூடி நின்றால் தண்ணீர் மிச்சமா? வேர் எட்டும் இடத்தில் நீர் தாராளமாக இருந்தால் மரமும் ஏறத்தாழ அவ்வளவே ஆவியாக்கும். வெயிலுக்கு மரம், புல் என்ற பேதம் கிடையாது. வறட்சியைத் தாங்கும் செடி என்றால் குறைவாகக் குடிக்கும் செடி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எந்த ஆழத்திலிருந்து குடிக்கிறது, கிடைக்காதபோது என்ன செய்கிறது என்பவைதாம் கேள்விகள்.

மரம் குடிக்கும் விதம் இயற்பியல் மாணவர்களைத் திகைக்க வைக்கும். உறிஞ்சு பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வளிமண்டல அழுத்தத்தால் தாங்க முடிவது அவ்வளவு நீர்க்கம்பத்தைத்தான். ஆனால் 20 மீட்டர் உயர மரத்தின் உச்சிக் கொழுந்தும் வாடாமல் இருக்கிறது. மரத்தில் பம்பு ஏதும் இல்லை. இலைக்குள் இருக்கும் மிக நுண்ணிய ஈரச் சுவர்களிலிருந்து நீர் ஆவியாகும்போது, பரப்பு இழுவிசை அடுத்த நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் இலையிலிருந்து வேர் நுனி வரை ஒரே கயிறு போல நீர் இழுபட்டு ஏறுகிறது. 1894-இல் டிக்சன், ஜோலி என்ற இருவர் இதைச் சொன்னார்கள். 1965-இல் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் அந்த இழுவையை அளந்து காட்டினார்கள்: ஈரக் காடுகளில் 4 அல்லது 5 வளிமண்டலம்; பாலைவனச் செடிகளில் 80 வளிமண்டலம் வரை!

மண் காயக் காய இழுவை கூடுகிறது. ஓர் எல்லையில் கயிறு அறுந்துவிடும். அதாவது குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்து, அந்தக் குழாய் பயனற்றுப் போகும். அறுபடும் ஓசையைக் கூடக் கேட்டிருக்கிறார்கள். 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் வாடும் ஆமணக்கு இலையில் நுட்பமான கருவியைப் பொருத்தி, ‘டிக், டிக்’ என்ற அதிர்வுகளைப் பதிவு செய்தார்கள். நம் ஊர் வேலியோரத்து ஆமணக்கேதான். வறட்சியில் ஒரு செடி சாவது பெரும்பாலும் இந்தக் குமிழ்களால்தான்.

குமிழை எப்படிச் சமாளிப்பது? இங்கேதான் அகத்தில் வயிரமும் புறத்தில் வயிரமும் பிரிகின்றன. வேம்பு போன்ற மரத்தில் பட்டைக்கு உட்புறம் கேம்பியம் என்ற வளரும் அடுக்கு இருக்கிறது. அது ஆண்டுதோறும் புதுக் குழாய்களை உண்டாக்குகிறது. கெட்டுப்போன பழைய குழாய்கள் உள்ளே வயிரமாகிவிடும். அதோடு மாசி, பங்குனியில் பழைய இலைகளை உதிர்த்துச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. ஆழத்தில் எஞ்சியிருக்கும் ஈரத்தை வேர் தேடிப்பிடிக்கிறது.

புல்லுக்குக் கேம்பியம் இல்லை. அதற்கு வேறு உபாயம் உண்டு. விடியற்காலையில் நெல், கேழ்வரகு இலைகளின் நுனியில் முத்துப் போல் நிற்கும் துளிகள் எல்லாம் பனி அல்ல. பல துளிகள் உள்ளிருந்து வந்தவை. இரவில் வேர் கீழிருந்து நீரைத் தள்ளி, குமிழ் புகுந்த குழாய்களை மீண்டும் நிரப்ப முடிகிறது. இந்த வேரழுத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வளிமண்டலத்தைத் தாண்டாது. சிறிய புல்லுக்கு அது போதும். மண்ணில் ஈரம் அறவே தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். அப்போது அருகு மேற்பகுதியைக் கைவிட்டு, தரைக்குள் கிடக்கும் தண்டில் உயிரை வைத்துக்கொண்டு உறங்குகிறது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் வாழ்த்தும்போது ஆலையும் அருகையும் சேர்த்துச் சொல்வார்கள். வறட்சியைத் தாங்கும் இரண்டு வழிகளுக்கும் இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

சிக்கனத்தில் புல் ஒரு படி மேல். அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் 1910-களில் தொட்டிகளில் பயிர் வளர்த்து எடை போட்டுப் பார்த்தார்கள். ஒரு கிலோ உலர்பொருள் உண்டாகச் சோளத்துக்குச் சுமார் 320 லிட்டர், கோதுமைக்கு 510 லிட்டர், குதிரை மசாலுக்கு 830 லிட்டர் செலவாயிற்று. சோளம், கரும்பு, அருகு, வெட்டிவேர் ஆகியவை கரியமிலவாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் தனி ஏற்பாட்டை உடையவை. ஆகவே இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தாலும் அவற்றின் வேலை நடக்கிறது. கோதுமையும் வேம்பும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

பனையின் கதை தனி. அதற்கும் கேம்பியம் இல்லை. இளமையில் அமைந்த குழாய்களே ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, அது தொடக்கத்திலேயே எச்சரிக்கையாக இருக்கிறது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராமல் கீழ்நோக்கி இறங்கி, குருத்தை ஆழத்தில் புதைத்துவிட்டே இலை விடுகிறது. பொங்கல் சமயத்தில் நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். வெயிலும் தீயும் ஆடும் எட்டாத இடத்தில் குருத்து பத்திரமாக இருக்கும். மரக்காணம் கடற்கரைச் சவுக்கோ நேர்மாறு. பார்வைக்குப் புல் போல இருந்தாலும் அது மரமே. ஊசி இலை என்று நாம் நினைப்பவை மெல்லிய கிளைகள். இலைத்துளைகள் அவற்றின் வரிப்பள்ளங்களில் மறைந்திருக்கின்றன.

இனி தோட்டத்துக்கு வருவோம். நிழலுக்கு வேம்பும் புங்கும் வையுங்கள். பொறுமை உள்ளவர்கள் பாலை வைக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை அருகே புத்துப்பட்டு ஐயனார் கோவில் காட்டில் தடித்த இலைகளோடு இருக்கும் இந்நாட்டு மரங்களைப் பாருங்கள். வேகமாக வளரும் வெளிநாட்டு மரம் ஒன்றையே நம்புவது எனக்கு உடன்பாடில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது ஆரோவில்லில் ஏராளமான மரங்கள் விழுந்தன; தரிசை மூட முதலில் நட்ட வேலமரங்களும் அவற்றில் உண்டு. வேலி ஓரத்துக்குப் பனை. வரப்புக்கும் சரிவுக்கும் வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். பாறை மூலைக்கு மருளும் கற்றாழையும். இவை இரவில் இலைத்துளைகளைத் திறந்து பகலில் மூடிக்கொள்பவை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நட்ட முதல் ஆண்டில் மரக்கன்றின் வேரும் புல்லின் வேரும் ஒரே மேல்மண்ணில்தான் இருக்கின்றன. நீங்கள் ஊற்றும் குடத்தில் பெரும்பங்கைப் புல் குடித்துவிடும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லைக் கொத்தி அகற்றி, அந்தச் சருகையே மூடாக்காகப் போடுங்கள்.

செய்து பார்க்க ஒரு சோதனை: ஒரே அளவுள்ள இரண்டு பாலிதீன் பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு ஒன்றை வேப்பங்கிளையின் நுனியிலும், மற்றதை ஒரு கொத்துப் புல்லின் மேலும் மண் படாமல் கட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே சேர்ந்த நீரை அளவு சாடியில் ஊற்றி அளக்கவும். இலைகளைக் கட்டத்தாளில் வரைந்து பரப்பைக் கண்டு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று வகுக்கவும். இதை மார்கழியில் ஒரு முறையும் பங்குனியில் ஒரு முறையும் செய்யுங்கள். பங்குனியில் புல்லின் பை வெறுமையாகவே இருக்கக்கூடும். அப்போது அந்த இடத்தில் ஒரு சாண் தோண்டி, தண்டு உயிரோடு இருக்கிறதா என்று கீறிப் பாருங்கள்.