கைபேசியால் மோட்டாரை முடுக்கும் பெட்டி

கிணற்றுப் பாசனமுள்ள கிராமங்களில், சாவடியிலும் கூட்டுறவுச் சங்கத்து வாசலிலும் இக்காலத்தில் அடிக்கடி பேசப்படும் விஷயங்களுள் ஒன்று, பம்புசெட் மோட்டாரைக் கைபேசியின் மூலம் இயக்கும் சிறு பெட்டியாகும். வாங்கி நன்மை கண்டவர்கள் அதனைப் புகழ்கிறார்கள். வாங்கிப் பழுதானவர்கள் வைகிறார்கள். வாங்காதவர்கள் இரு சாராரையும் விசாரித்துவிட்டு இன்னும் யோசனையிலிருக்கிறார்கள். இவ்வபிப்பிராயங்களில் பெரும்பாலானவை பெட்டியைப் பற்றியனவேயன்றி, அது இறைக்கும் தண்ணீரைப் பற்றியனவாகவோ, கிணற்றுக்குள் இறங்கும் ஆளைப் பற்றியனவாகவோ இல்லை.

பெட்டியின் வேலை எளியது. மோட்டார் கொட்டகையிலுள்ள ஸ்டார்ட்டருடன் அது இணைக்கப்படுகிறது. கைபேசியில் இருப்பதைப் போன்ற சிம் அட்டை ஒன்று அதற்குள்ளும் உண்டு. உடையவர் அந்த எண்ணை அழைத்தாலும், அதற்குரிய செயலியைத் தொட்டாலும், ஓர் ஆள் பொத்தானை அமுக்கினாற்போல ஸ்டார்ட்டர் இயங்கும். மும்முனை மின்சாரம் வந்ததையும், மோட்டார் ஓடுவதையும் நிற்பதையும் பெட்டியே திருப்பி அறிவிக்கும். ஒரு முனை அறுந்தாலும், கிணறு வற்றி மோட்டார் வெறுமனே சுழன்றாலும், தானே நிறுத்திவிடும் வகைகளும் கிடைக்கின்றன. காயில் கருகிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இவ்வொன்றின் அருமை நன்கு தெரியும். புனே நகரத்துப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் அமைத்த ‘நானோ கணேஷ்’ என்னும் கருவி இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. இன்று பல கம்பெனியார் பல பெயர்களில் விற்கின்றனர்.

இதனைப் புகழ்வோர் கூறும் முதற் காரணம் இரவு. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமுமாகப் பங்கிட்டு வழங்கப்பட்ட ஆண்டுகளில், நள்ளிரவில் எழுந்து, மின்சாரம் வந்ததோ இல்லையோ என்று அறியாமலே, வரப்பின்மீது நடந்து கொட்டகைக்குப் போகவேண்டியிருந்தது. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் நடமாடும் நேரம் அது. ஈரக் கையுடன் ஸ்டார்ட்டரைத் தொட்டு உயிரிழந்தவர்களும் உண்டு. இக்கருவியைப் பற்றி ஆண்கள் சொல்லும் அபிப்பிராயத்தைக் காட்டிலும், இரவெல்லாம் விளக்கை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்த வீட்டுப் பெண்களின் அபிப்பிராயமே கேட்கத் தக்கது. அவர்களில் எவரும் இதனை வீண் செலவென்று சொல்லக் காணோம்.

குறை கூறுவோரின் சொல்லையும் தள்ளிவிடலாகாது. ஆயினும் அவர்கள் கூறும் பழுதுகளில் பல, பெட்டியின் பழுதுகளல்ல. சிம் அட்டையின் தவணை முடிந்திருக்கும். புதுப்பிக்க மறந்து, பெட்டி கெட்டதென்று கழற்றி வைத்திருப்பார்கள். வெறும் அழைப்பினால் இயங்கும் பெட்டிக்கு இணையச் சேவை வேண்டுவதில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களைக் கம்பெனிகள் அளிக்கவேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் விதித்திருப்பதால், அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் மட்டும் இயங்கும் பெட்டிகளும் விற்பனையில் உள்ளன. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய நாள் முதல் ஜியோ நிறுவனம் அவ்வலைவரிசையில் சேவை நடத்தவில்லையாகையால், அதன் அட்டை இப்பெட்டிகளில் வேலை செய்யாது. ஆகவே, கொட்டகையினுள்ளேயே நின்று, எந்தக் கம்பெனியின் அலை அங்கு நன்றாகக் கிடைக்கிறதென்று பார்த்த பின்னரே பெட்டியின் வகையைத் தீர்மானிப்பது உத்தமம். கடைக்காரர் கடைவீதியில் இயக்கிக் காட்டுவது பரீட்சையாகாது.

இனித் தண்ணீரின் விஷயம். கவலை இறைத்த காலத்தில் மாட்டை ஓட்டியவன் சாலின் ஒவ்வொரு ஏற்றத்திலும் கிணற்றைப் பார்த்தான். மடை திருப்பியவன் பாத்தியைப் பார்த்தான். மோட்டார் வந்த பின்னும், அதை முடுக்கப் போனவன் வாய்க்காலையும் ஒரு முறை பார்த்து வந்தான். பெட்டி வந்த பின் அந்த நடை மிச்சமாயிற்று. அதனுடன் பார்வையும் போயிற்று. ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்டுவதற்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் போதும். வினாடிக்கு 8 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதை 7 மணி நேரத்தில் முடித்துவிடும். நிறுத்த மறந்து ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் 28,800 லிட்டர் வரப்பு வழியே போகிறது. தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கப்பட்ட இலவச மின்சாரத்தினால், இந்நஷ்டம் எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை, கிணற்றில்தான் ஏறுகிறது. நிலத்தடி நீர்க் கணக்கு பிர்கா வாரியாக எடுக்கப்பட்டு, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவையென்று பல பிர்காக்கள் குறிக்கப்பட்டிருப்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் அறிவார்கள்.

ஆதலால், குறித்த நேரத்தில் தானே நிறுத்தும் வசதி பெட்டியிலிருந்தால், வாங்கிய முதல் நாளே அதனை அமைத்துக்கொள்ள வேண்டும். நெல் வயலுக்கு இன்னுமோர் உபாயம் உண்டு. அதற்குக் கைபேசி வேண்டுவதில்லை. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் அடிப்பாகத்தில் துளைகளிட்டு, 20 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருக்குமாறு பதித்து, உள்ளேயுள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாயினுள் நீர், மண் மட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மோட்டாரை முடுக்கினால் போதுமானது. பூக்கும் பருவத்தில் மட்டும் இவ்வாறு காயவிடலாகாது. மழைக்கு முன்னறிவிப்புக் கூறும் ‘மேகதூத்’ செயலி 2019-ஆம் ஆண்டு முதல் உள்ளது. மோட்டாருக்கு அழைப்பு விடுக்குமுன் அதனை ஒரு தரம் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

எல்லாவற்றினும் கவலைக்குரியது வேறொன்று. ஸ்டார்ட்டரின் முன் ஆள் நின்று இயக்கிய காலத்தில், கிணற்றில் எவரேனும் இறங்கியிருந்தால் அவனுக்குத் தெரியும். இப்போதோ மோட்டாரை முடுக்குபவர் திருப்பூரில் மகன் வீட்டுத் திண்ணையில் இருக்கலாம். அதே வேளையில் குத்தகைதாரரோ பண்ணையாளோ பம்பின் நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கலாம். மின்சாரம் வந்தவுடன் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட பெட்டிக்கு ஒருவருடைய அழைப்புக்கூட வேண்டுவதில்லை. பெட்டியை அணைத்து வைத்திருப்பதாகச் சொல்வதை நம்பிக் கிணற்றில் இறங்கலாகாது. மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, இறங்குகிறவரே தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து அவர் மேலே வந்து, தம் கையாலேயே அவற்றை மீண்டும் செருகுவதே முறை. பெட்டியை அமைக்க வருகிற மெக்கானிக் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கேட்டால் சிரிக்கிறவர்களும் உண்டு.

மேலும், பதிவு செய்த எண்களுக்கு மட்டுமே கீழ்ப்படியுமாறு பெட்டியை அமைக்க வேண்டும். அவ்விதம் செய்யாத இடங்களில், வேறு யாரோ தவறுதலாக அழைத்த அழைப்புக்கும் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். பதிவான எண்கள் எவருடையவை என்பதைக் கொட்டகைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுவது நலம். பங்காளிகள் முறைவைத்து இறைக்கும் பொதுக்கிணறாயின் இது இன்றியமையாதது. முறை மாறி மோட்டார் ஓடியதென்று வழக்கு எழுந்தால், எந்த எண் எந்த மணிக்கு அழைத்தது என்பதைச் சில வகைச் செயலிகள் காட்டும்.

கருவிக்கு மானியம் உண்டா, இவ்வாண்டு எவ்வளவு என்பனவற்றை வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தில், வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளலாம்.