குழந்தையின் நிறையும் பிறவிக் குறைபாடும்: கர்ப்பிணித் தாய்மார் அறிந்திருக்க வேண்டியவை

கர்ப்பிணியாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் அறையிலோ தங்கியிருப்பவர்கள் சிலர் கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். "ஊருக்குத் திரும்பியதும் பதியலாம்" என்பார்கள். "இத்தனை மாதம் ஒழுங்கான சாப்பாடு இல்லை, இனிப் போய் என்ன பயன்?" என்றும் கேட்பார்கள். பயன் உண்டு.

பிறக்கும்போது 2500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது நிறை குறைந்த குழந்தை. இலங்கையில் ஏறத்தாழ ஆறு குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. இக்குழந்தைகளுக்கு உடற்சூடு இலகுவில் குறையும், பாலை இழுத்துக் குடிக்கப் பலம் போதாது, கிருமித்தொற்றும் விரைவில் ஏற்படும்.

ஏழாம் மாதத் தொடக்கத்தில் வயிற்றிலுள்ள குழந்தையின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோதான். மிகுதி நிறை கடைசி மூன்று மாதங்களிலேயே சேருகிறது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஜெர்மன் படைகள் தடுத்தன. தடை என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் வரை குறைவாகப் பிறந்தன. ஆரம்ப மாதங்களில் பட்டினி கிடந்து, பின்னர் உணவு கிடைத்த தாய்மாரின் குழந்தைகளின் நிறை குறையவில்லை. ஆகவே ஆறாம் மாதத்தில் வந்து சேர்ந்தாலும் காலம் கடந்துவிடவில்லை.

நீங்கள் இப்போது தங்கியிருக்கும் பகுதியின் குடும்பநல மாதுவிடம் பதியுங்கள். கொழும்பு நகரில் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் தாய் சேய் கிளினிக்குகளை நடத்துகிறது. கட்டணம் இல்லை. அங்கு இரும்புச்சத்துக் குளிசை தருவார்கள், இரத்தமும் பிறசரும் பார்ப்பார்கள். குளிசையைத் தேநீருடன் விழுங்க வேண்டாம், தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. 1973 முதல் இலங்கையில் வழங்கப்படும் திரிபோஷ மாவையும் கேளுங்கள். ஏற்கெனவே பதப்படுத்தப்பட்ட மாவு என்பதால், அடுப்பு வைக்க விடாத லொட்ஜிலும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டையாகப் பிடித்துச் சாப்பிடலாம். வீட்டில் எல்லோருக்கும் பகிர்ந்தால் உங்களுக்கு மிஞ்சாது. கணவர் அந்தச் சிறிய அறைக்குள் சிகரெட் புகைக்கக் கூடாது. புகையிலை சேர்த்த வெற்றிலையையும் விட்டுவிடுங்கள். இரண்டும் குழந்தையின் நிறையைக் குறைக்கும்.

பிறவிக் குறைபாடுகளின் கதை வேறு. அவற்றில் பல, தாய் தான் கர்ப்பமென்று நிச்சயமாக அறியுமுன்பே உண்டாகிவிடுகின்றன. முள்ளந்தண்டு உருவாகும் குழாய் கருத்தங்கி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். இதற்கு உதவும் போலிக் அமிலக் குளிசையைக் கருத்தரிக்குமுன்பே தொடங்குவது அதனாலேயே. மேலுதடு ஏழாவது வாரமளவில் பொருந்திவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று ஏழாம் மாதத்துத் தாயைக் குறை சொல்வது அநியாயம். பல குறைபாடுகளுக்குக் காரணமே தெரிவதில்லை. உதட்டுப் பிளவைச் சத்திரசிகிச்சையால் சீராக்கலாம்.

தவிர்க்கக்கூடிய காரணங்களும் உண்டு. ருபெல்லா என்னும் ஜேர்மன் சின்னமுத்து ஆரம்ப மாதங்களில் தாய்க்குத் தொற்றினால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். இடப்பெயர்வில் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் அதைச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பமான பின் இந்த ஊசி ஏற்ற மாட்டார்கள். சலரோகம், வலிப்பு உள்ளவர்கள் குளிசையைத் தாமாக நிறுத்தாமல், கருத்தரிக்குமுன்பே வைத்தியரிடம் காட்டுவது முக்கியம். சொந்த மச்சானை மணந்தவர்கள் அதையும் சொல்லுங்கள். ஆபத்து சற்றே கூடுமென்றாலும் இத்தகைய தம்பதியரின் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள்.

இரத்தப்போக்கு, கடும் தலைவலி, முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஊர் திரும்பும்போது கர்ப்பகாலப் பதிவட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். வழியில் வலி கண்டு எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.