மாத்திரையின் விலையும் வாழும் உரிமையும்

எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயை முற்றிலும் குணப்படுத்துவது அரிது; எனினும், தொடர் மருந்துகளால் அதைப் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்க இயலும். ஹார்மோன் சார்ந்த வகைக்குத் தரப்படும் ரைபோசைக்ளிப் மாத்திரையை 21 நாள் உட்கொண்டு, 7 நாள் நிறுத்தி, பலனளிக்கும்வரை தொடர வேண்டும். மாதந்தோறும் சுமார் 58,000 ரூபாய் தர இயலாமல் 2022இல் கேரள உயர்நீதிமன்றத்தை நாடிய பெண், தீர்ப்புக்கு முன்பே இறந்தார். மாத வருமானமுள்ள குடும்பத்துக்கே இந்நிலையெனில், மருத்துவமனை செல்லும் நாளின் கூலியையும் இழக்கும் தலித் பெண் என்ன செய்வார்?

காப்புரிமையாளரின் இசைவின்றியே மருந்தைத் தயாரிக்கப் பிறரை அனுமதிப்பது கட்டாய உரிமம். 2012இல் அது வழங்கப்பட்டதும் சோராஃபெனிப் என்னும் புற்றுநோய் மருந்து மாதம் 2,80,000 ரூபாய்க்குப் பதில் 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது. வழி சட்டத்திலேயே இருக்கிறது; நாம் கேட்பது சலுகை அன்று, உரிமை.