உணவுக்குழலில் ஒரு பை

'மிடறு' என்னும் சொல் தொண்டையையும் குறிக்கும். ஒருமுறை விழுங்கும் நீரின் அளவையும் குறிக்கும். உறுப்பையும் அதன் செயலையும் ஒரே சொல்லால் சுட்டினர் நம் முன்னோர். அச்செயல் இடையூறின்றி நடைபெறும் வரை அதனை நாம் நினைப்பதேயில்லை.

எம் குடும்பப் பெரியவர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தபின், விருந்துகளில் பிறரோடு சஹனில் அமர்வதைத் தவிர்க்கலானார். கேட்டால், "பசியில்லை" என்பார். பகலில் உண்ட சோறு இரவில் செரியாமல் அப்படியே வாய்க்குத் திரும்புவதைச் சொல்ல அவர் நாணினார் என்பதைப் பின்னரே அறிந்தோம். வாயுக் கோளாறு என்றெண்ணிச் சுக்குக் கஷாயமும் ஓமநீரும் கொடுத்து ஈராண்டுகளைக் கழித்தோம். இறுதியில் எடுத்த எக்ஸ்ரே படமே உணவுக்குழலின் மேல்முனையில் ஒரு பை இருப்பதைக் காட்டியது.

பை தோன்றும் விதம்

உணவுக்குழல் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழல். அதன் மேல்வாயில் வளையம் போன்ற தசையொன்று காவல் நிற்கிறது. விழுங்கும்போது அது நெகிழ்ந்து வழிவிட வேண்டும். முதுமையில் அது போதிய அளவு நெகிழாதபோது தொண்டைக்குள் அழுத்தம் மிகுகிறது. பின்சுவரில் தசை இயல்பாகவே மெலிந்துள்ள ஓரிடத்தின் வழியே உட்சவ்வு பிதுங்கிப் பையாகிறது. 1877-இல் இதனை விரிவாக ஆராய்ந்தெழுதிய ஜெர்மானிய மருத்துவ அறிஞர் சென்கரின் பெயராலேயே இது 'சென்கர் பை' என வழங்கப்படுகிறது.

பைகள் வேறிடங்களிலும் தோன்றுவதுண்டு. காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் ஆறித் தழும்பாகும்போது, குழலின் நடுப்பகுதியை வெளிப்புறமாக இழுத்துப் பையாக்கலாம். உதரவிதானத்திற்குச் சற்று மேலே தோன்றும் பைக்குப் பெரும்பாலும் கீழ்வாய்த் தசையின் இயக்கக் கோளாறே காரணமாகும்.

அறிகுறிகளும் ஐயங்களும்

விழுங்குவதில் தடை, செரியாத உணவு பல மணி நேரம் கழித்து மேலெழுதல், வாய்நாற்றம், கழுத்தில் களகளவென்னும் ஒலி, இரவு இருமல் ஆகியன சென்கர் பையின் அறிகுறிகள். தேங்கிய உணவு மூச்சுக்குழலுள் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். அதுவே பேரிடர்.

எனினும், பை இருப்பதாலேயே எல்லாத் தொல்லைகளுக்கும் அதுவே காரணம் என முடிவு கட்டலாகாது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிற்றுப் பொருமல் ஆகியவற்றுக்கு அமிலப் பின்னோட்டமோ இரைப்பைப் புண்ணோ தனிக் காரணமாக இருக்கக்கூடும். பைக்கு மருத்துவம் செய்த பின்னரும் இவை தொடர்ந்தால் மனந்தளராது அவற்றைத் தனியே ஆராயவேண்டும்.

ஆய்வும் மருத்துவமும்

பேரியக் கரைசலை விழுங்கச் செய்து எடுக்கும் எக்ஸ்ரே படம் பையைத் தெளிவாகக் காட்டும். என்டோஸ்கோப்பிக் குழாய் வழிதவறிப் பைக்குள் நுழைந்தால் அதன் மெல்லிய சுவர் கிழியக்கூடும். ஆதலின், முன்பே பை இருப்பதை அறிந்தோர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும்.

தொல்லை தராத சிறு பைக்கு மருத்துவம் வேண்டியதில்லை. பையைக் கரைக்கும் மருந்து எதுவுமில்லை. தொல்லை மிகுந்தால் கழுத்தின் வழியே அறுவை செய்து பையை அகற்றலாம். அல்லது வாய்வழியே கருவி செலுத்திப் பைக்கும் குழலுக்கும் இடைப்பட்ட சுவரைப் பிளந்து வழியமைக்கலாம். இருமுறைகளிலும் இறுகிய தசையையும் வெட்டிவிடுவதே வழக்கம். நன்கு மென்று சிறிது சிறிதாக உண்பதும், உண்டவுடன் படுக்காதிருப்பதும் ஓரளவு துணைபுரியும்.

விழுங்குவதில் தடை நாளுக்கு நாள் வளர்ந்தாலோ, உடல் எடை குறைந்தாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ காலந்தாழ்த்தலாகாது. புற்றுநோய்க்கும் இவை அறிகுறிகளாக அமையக்கூடும்.

எம் பெரியவர் அறுவைக்குப்பின் மீண்டும் சஹனில் அமர்ந்தார். நாங்கள் இழந்த ஈராண்டுகளை நினைக்கையில் ஒன்று தோன்றுகிறது. நம் இல்லத்து முதியவர் "பசியில்லை" என்று சொன்னால், அதனை அப்படியே ஏற்றுத் தட்டை எடுத்துவிடாமல், அருகமர்ந்து, "விழுங்க முடிகிறதா?" என்று ஒருமுறை கேட்போமாக.