கூந்தன்குளத்தில் கூடு கட்டுவது வெளிநாட்டு பறவையா? வீட்டு கொல்லைக்கும் வரும் குளிர்கால விருந்தாளி

நெல்லை:

குளிர்காலம் தொடங்கியதும் நெல்லை மாவட்ட மக்கள் பறவை பார்க்க கிளம்பும் இடம் கூந்தன்குளம். நெல்லையில் இருந்து சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில், மூலைக்கரைப்பட்டி பக்கம் நாங்குநேரி தாலுகாவில் உள்ளது. 129 எக்டேர் பரப்புள்ள இந்த குளம் 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

மற்ற சரணாலயங்களில் பறவைகள் குளத்தோடு நின்றுவிடும். இங்கே அப்படி இல்லை. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இடம் பிடித்தது போக, மீதி ஊருக்குள்ளேயே குடியேறி விடுகின்றன. வீட்டு கொல்லையில் நிற்கும் வேப்பமரம், புளியமரத்தில் எல்லாம் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். கீழே துணி காய்ந்து கொண்டிருக்கும்.

பார்க்க வருபவர்கள் எல்லாவற்றையும் 'வெளிநாட்டு பறவை' என்றே சொல்கிறார்கள். அது பெரிய தப்பு. கூடு கட்டி குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா இரண்டும் நம் நாட்டு பறவைகள்தான். டிசம்பர், ஜனவரி வாக்கில் வந்து, குஞ்சு பறக்க பழகியதும் ஜூன், ஜூலையில் கிளம்பும்.

நிஜமான வெளிநாட்டு விருந்தாளி என்றால் பட்டைத்தலை வாத்து. வெள்ளைத் தலையில் 2 கறுப்பு கோடு இருக்கும், பார்த்ததும் கண்டுபிடித்து விடலாம். மங்கோலியா, திபெத் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையை தாண்டி வருகிறது. 7 ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் பறப்பதை கருவி பொருத்தி பதிவு செய்திருக்கிறார்கள். ஊசிவால் வாத்தும் வடக்கே இருந்து வருவதுதான். இவை இங்கே கூடு கட்டாது. இரை தின்ன, பனிக்கு தப்பிக்க மட்டும்தான் வருகின்றன.

கொல்லையில் நாரை கூடு இருந்தால் அழகு மட்டும் இல்லை, தொந்தரவும் உண்டு. தாய்ப்பறவை கொண்டு வரும் மீன் தவறி கீழே விழும். எச்சம் முற்றத்தை வெள்ளையாக்கி விடும். நாற்றத்தை கேட்கவே வேண்டாம். ஆனாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவது இல்லை. தீபாவளிக்கு வெடி போடுவதும் இல்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலும் தண்ணீரும் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு தெரியும். காற்றில் கூட்டில் இருந்து தவறி விழும் குஞ்சுக்கு தாய் தரைக்கு வந்து இரை கொடுக்காது. அதை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விடுவது இந்த ஊரில் பல வருட பழக்கம்.

இதெல்லாம் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான். மழையும் மணிமுத்தாறு அணை தண்ணீரும் கைவிட்டால் நாரைகள் கூடு கட்டாமல் வேறு இடம் தேடி போய்விடும். எனவே கிளம்பும் முன்பு தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துக் கொள்வது நல்லது. காலை 6 மணியில் இருந்து 9 மணி வரை பார்க்க நல்ல நேரம். மரத்தடியில் கை தட்டுவது, கத்துவது கூடவே கூடாது. தாய்ப்பறவை பதறி எழுந்தால் முட்டையை காக்கா கொண்டு போய்விடும்.

கூந்தன்குளம் போக நேரம் இல்லையா? வடக்கே இருந்து வருகிற ஒரு பறவை உங்கள் வீட்டு கொல்லைக்கே வரலாம். ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு குளிருக்கு தெற்கே வரும். காலையும் மாலையும் ஏறக்குறைய 6 மணிக்கு கூவுவதால் இந்த பெயர். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பெல்லாம் கலர். கொல்லை மூலையில் கிடக்கும் சருகை கிளறித்தான் பூச்சி பிடிக்கும். அந்த சருகை பெருக்கி தீ வைத்து விட்டால் அதற்கு சாப்பாடு இல்லை.

இரவெல்லாம் பறந்து வந்த களைப்பில் சில சமயம் வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். விட்டால் காக்கா கொத்திவிடும். அட்டைப்பெட்டியில் காற்று போக ஓட்டை போட்டு, இருட்டான இடத்தில் சிறிது நேரம் வைத்தால் தெளிந்து விடும். பிறகு செடி மறைவில் விடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்கு சொல்லுங்கள். கலராக இருக்கிறதே என்று கூண்டில் அடைத்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம்.

மண் சட்டியில் தினமும் தண்ணீர் மாற்றி நிழலில் வைத்தால் மாங்குயில், தையல்சிட்டு எல்லாம் வரும். 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த கொல்லைப் பறவைகளும் சேர்த்திதான். 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி 'இபேர்ட்' இணையதளத்தில் பதிந்தால் போதும்.